சைக்கிள் இளைஞர்களுக்கு வழியெல்லாம் படுக்கை போட்ட வாத்தியார்

பத்துப் பேர் சேர்ந்து சைக்கிளில் ஊர் சுற்றப் புறப்படுகிறார்கள். ஒரு நாள் பயணம் அல்ல. பத்து நாள் பயணம். பகலில் மிதித்துக்கொண்டே போகலாம். பசித்தால் வழியில் ரொட்டி வாங்கித் தின்னலாம். இரவு வந்தால் எங்கே படுப்பது?

ஓட்டலில் அறை எடுக்கப் பணம் வேண்டும். பத்து நாளைக்குப் பத்து ஓட்டல் என்றால், பணக்கார வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். மரத்தடியில் படுக்கலாம் என்றால், ஐரோப்பாவில் மழையும் குளிரும் விடாது.

அந்தக் கவலையைத் தீர்ப்பதற்கென்றே அங்கே இளைஞர் விடுதிகள் இருக்கின்றன. சைக்கிளை நிறுத்த இடம், படுக்கக் கட்டில், கை கால் கழுவத் தண்ணீர் எல்லாம் சொற்பச் செலவில் கிடைக்கும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர் மந்திரி அல்ல. கோடீசுவரரும் அல்ல. ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் பெயர் ரிச்சர்டு ஷிர்மன்.

புகை சூழ்ந்த ஊர்

ஷிர்மன் 1874-ம் ஆண்டு மே 15-ந் தேதி பிறந்தார். பிறந்த கிராமத்தின் பெயர் குருனன்பெல்டு. கிழக்குப் பிரஷ்யாவில் இருந்தது. அப்போது அது ஜெர்மனியைச் சேர்ந்த பகுதி. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

தந்தையும் வாத்தியார்தான். மகனும் அதே தொழிலுக்குப் படித்தார். 1901-ல் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள கெல்சன்கிர்கன் என்ற நகரத்துக்கு வேலைக்கு வந்தார்.

அது நிலக்கரிச் சுரங்க நகரம். எங்கு பார்த்தாலும் புகைபோக்கிகள். காயப் போட்ட துணியில் கரி படியும். சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான் பள்ளிக்கு வந்தார்கள். கிராமத்தில் வளர்ந்த வாத்தியாருக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மரத்தைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் சுவருக்குள் உட்கார்ந்து படித்தால் என்ன தெரியும்? வகுப்பை வெளியே அழைத்துப் போனார். நடந்துகொண்டே பாடம். நின்ற இடத்தில் பாடம்.

1903-ல் ஆல்ட்டெனா என்ற ஊருக்கு மாற்றல் ஆயிற்று. மலைகளுக்கு நடுவே, லென்னே ஆற்றின் கரையில் உள்ள சிறிய ஊர். கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பெயர் போனது. ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு பழைய கோட்டை. அந்தக் கோட்டைக்கும் இந்த வாத்தியாருக்கும் பின்னால் பெரிய தொடர்பு ஏற்படப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆல்ட்டெனாவிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தார். ஒரு நாள் நடை, இரண்டு நாள் நடை ஆயிற்று. இரண்டு நாள், ஒரு வாரம் ஆயிற்று. அப்போதுதான் தொல்லை வந்தது. பகல் எப்படியோ போய்விடும். இருட்டியதும் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். குடியானவர் யாராவது வைக்கோல் கொட்டகையில் இடம் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

இடி இடித்த இரவு

1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஷிர்மன் தம்முடைய மாணவர்களோடு ஆல்ட்டெனாவில் இருந்து ஆஹன் நகரத்துக்கு நடந்து போனார். எட்டு நாள் பயணம்.

ஆகஸ்டு 26-ந் தேதி புரோல் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று வானம் கறுத்தது. இடியும் மின்னலும் ஆலங்கட்டி மழையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம் தெரிந்தது. விடுமுறைக் காலம் ஆகையால் பள்ளி காலியாகக் கிடந்தது. எல்லோரும் உள்ளே புகுந்தார்கள்.

பெஞ்சுகளை ஓரத்தில் தள்ளினார்கள். குடியானவர் ஒருவர் வைக்கோல் கொடுத்தார். குடிக்கப் பாலும் கொடுத்தார். வைக்கோலைப் பரப்பிப் படுத்த பையன்கள், நடந்த களைப்பில் உடனே தூங்கிவிட்டார்கள். வெளியே உலகமே இடிந்து விழுவது போல் சத்தம். பையன்களுக்கு அது கேட்கவே இல்லை.

வாத்தியாருக்குத் தூக்கம் வரவில்லை. விடிய விடிய விழித்துக் கிடந்தார். அப்போது ஓர் எண்ணம் பிறந்தது.

ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. விடுமுறையில் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பையன்கள் ஊர் சுற்றக் கிளம்புவதும் அதே விடுமுறையில்தான். பள்ளி அறைகளில் படுக்கை போட்டால் போதுமே! ஒரு விடுதியில் இருந்து அடுத்த விடுதி ஒரு நாள் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி நாடு முழுவதும் சங்கிலி போல் அமைத்துவிட்டால், ஏழைப் பையனும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

இதில் பெரிய கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று தோன்றும். வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. ஆனால் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளி வீட்டு இளைஞர்களையும் வழிப்போக்கர் என்று மதித்து, அவர்களுக்கென்று ஒரு சத்திர வரிசையே வேண்டும் என்று அவர் நினைத்தார். ஒரு நாள் தூரம் என்ற கணக்குத்தான் அதில் உயிர்.

கோட்டைக்குள் கட்டில்கள்

ஊர் திரும்பியதும் ஷிர்மன் சும்மா இருக்கவில்லை. தாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே விடுமுறைக் காலத்தில் ஓர் அறையை ஒழித்து, வைக்கோல் திணித்த மெத்தைகளைப் போட்டார். வழியோடு போகும் இளைஞர்கள் வந்து தங்கினார்கள்.

1910-ல் தம்முடைய திட்டத்தைக் கட்டுரையாக எழுதினார். கோலோன் நகரத்துப் பெரிய பத்திரிகை ஒன்றில் அது வெளிவந்தது. ஒரு சின்ன ஊர் வாத்தியாரின் யோசனை நாலு பேர் காதில் விழுந்தது. பலர் உதவ முன்வந்தார்கள்.

அவர்களில் முக்கியமானவர் வில்ஹெல்ம் மூங்கர். தொழிற்சாலை நடத்தியவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். ஷிர்மன் கனவு காண்பவர். மூங்கர் காரியம் முடிப்பவர். சம்பளம் எதுவும் வாங்காமல் இந்த வேலையைச் செய்தார். இவர் இல்லாவிட்டால் அந்த மழை இரவின் எண்ணம் காகிதத்தோடு நின்று போயிருக்கலாம்.

அந்தச் சமயத்தில் ஆல்ட்டெனாக் கோட்டையைப் பழுது பார்த்துப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதிலே இளைஞர்களுக்கு இடம் கேட்டார் ஷிர்மன். கிடைத்தது. 1912-ல் கோட்டைக்குள் விடுதி ஏற்பட்டது. வருடம் முழுவதும் நடக்கும் இளைஞர் விடுதி உலகத்திலேயே அதுதான் முதலாவது.

படுக்க இரண்டு பெரிய அறைகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் கொண்ட கனத்த மரக் கட்டில்கள். சமையல் அறை உண்டு. குளிக்கும் அறையும் உண்டு. பிரபுக்கள் வாழ்ந்த கோட்டையில் கம்பித் தொழிலாளியின் மகன் கால் நீட்டிப் படுத்தான். விடுதிக்குப் பொறுப்பாளர் ஷிர்மனே.

எதிரியோடு கிறிஸ்துமஸ்

1914-ல் முதலாவது உலக யுத்தம் வந்தது. ஷிர்மன் பட்டாளத்தில் சேர்ந்து போர்முனைக்குப் போனார். வோஷ் மலைப் பகுதியில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் எதிர் எதிரே பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். நடுவில் குறுகலான ஒரு நிலப்பரப்பு. குண்டு விழுந்து மரங்கள் எல்லாம் முறிந்து கிடந்தன.

1915-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். மலை அடிவாரத்து ஊர்களில் கோயில் மணி அடித்தது. இரு பக்கத்துச் சிப்பாய்களும் சுடுவதை நிறுத்தினார்கள். உபயோகம் இல்லாமல் கிடந்த சுரங்க வழிகளின் மூலம் ஒருவரை ஒருவர் சந்தித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒயினும் பிராந்தியும் சிகரெட்டும் கொடுத்தார்கள். ஜெர்மானியர்கள் கறுப்பு ரொட்டியும் பிஸ்கோத்தும் பன்றி இறைச்சியும் கொடுத்தார்கள். நேற்று வரை சுட்டுக்கொண்டவர்கள் நண்பர்களைப் போல் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள்.

மேலதிகாரிகள் விடுவார்களா? கட்டுப்பாடு திரும்பியது. துப்பாக்கிகளும் மறுபடி வெடித்தன.

ஆனால் ஷிர்மன் அதை மறக்கவில்லை. அதுவரை அவர் தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே விடுதி தேடினார். அன்று முதல் அவருடைய எண்ணம் எல்லையைத் தாண்டியது. வெவ்வேறு நாட்டு இளைஞர்கள் குழிக்குள் சந்திப்பதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் சந்தித்துப் பழக ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்.

யுத்தம் முடிந்தபின், 1919-ல் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் ஏற்பட்டது. 1922-ல் ஷிர்மன் வாத்தியார் வேலையை விட்டார். முழு நேரமும் விடுதி வேலைதான். 1925-ல் பட்டாளத்தாரின் பழைய பயிற்சி முகாம் ஒன்றைப் பிள்ளைகளுக்கான கிராமமாக மாற்றிச் சில ஆண்டுகள் நடத்தினார். சிப்பாய்கள் அணிவகுத்த இடத்தில் குழந்தைகள் விளையாடினார்கள்.

1930 வாக்கில் ஜெர்மனியில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட விடுதிகள் இருந்தன.

சைக்கிள் கூட்டம்

ஷிர்மன் நடப்பவர். அவர் போட்ட கணக்கும் நடப்பவர்களுக்கான கணக்கு. ஆனால் அந்தச் சங்கிலியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் சைக்கிள்காரர்கள்தாம்.

காரணம் எளிது. நடப்பவன் ஒரு நாளில் ஒரு விடுதியைப் பிடிப்பான். சைக்கிளில் போகிறவன் அதே நேரத்தில் இரண்டு மூன்று விடுதிகளைக் கடந்துவிடுவான். ஆகவே இன்று எங்கே தங்குவது என்று அவன் விரும்பியபடி தீர்மானிக்கலாம். எதிர்க்காற்று அடித்தால் அருகில் உள்ள விடுதி. வெயிலும் இறக்கமும் சாதகமாக இருந்தால் அதற்கு அடுத்தது. ஒரு வார விடுமுறையில் ஒரு ஜில்லாவையே சுற்றி வரலாம்.

ஜெர்மனியைப் பார்த்து மற்ற நாடுகளும் விடுதி திறந்தன. இங்கிலாந்தில் 1930-ல் சங்கம் ஏற்பட்டது. ஒரு இரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். 1939-க்குள் சுமார் 300 விடுதிகளும் 80,000-க்கு மேற்பட்ட உறுப்பினர்களும் சேர்ந்துவிட்டார்கள். ஆலையிலும் ஆபீசிலும் வாரம் முழுவதும் உழைத்த பையன்களும் பெண்களும் சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்தக் காலத்தில் அப்படிப் போன ஒரு கூட்டத்தின் பயணம் எப்படி இருக்கும்?

ஒவ்வொருவரிடமும் ஓர் உறுப்பினர் அட்டை இருக்கும். சைக்கிளின் பின்னால் ஒரு பை. அதில் மாற்றுத் துணி, மழைக்கு ஒரு மேலங்கி, பஞ்சர் ஒட்டும் சாமான், அப்புறம் ஒரு துணிப் பை. துணிப் பை எதற்கு? அதற்குள் புகுந்துகொண்டுதான் படுக்க வேண்டும். விடுதியில் கம்பளி கொடுப்பார்கள். கம்பளி அழுக்காகாமல் இருக்க ஒவ்வொருவரும் தம் துணிப் பையைக் கொண்டுவர வேண்டும். பல வீடுகளில் தாய்மார்களே தைத்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் விடுதி திறக்கும். சைக்கிள்களைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அட்டையைப் பொறுப்பாளரிடம் கொடுப்பார்கள். அவர் முத்திரை குத்துவார். ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு வேறு அறை. பெண் பிள்ளைகளைப் பல நாள் பயணத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய தைரியத்தைக் கொடுத்தது. இரவு பத்தேகாலுக்கோ பத்தரைக்கோ விளக்கை அணைத்துவிட்டால், அப்புறம் பேச்சு கூடாது.

காலையில் எழுந்ததும் கிளம்பிவிட முடியாது. ஆளுக்கு ஒரு வேலை உண்டு. ஒருவர் தரையைக் கூட்டுவார். ஒருவர் பாத்திரம் கழுவுவார். ஒருவர் விறகு எடுத்துப் போடுவார். வேலை முடிந்த பிறகுதான் அட்டை திரும்பக் கிடைக்கும். வேலைக்காரர் வைக்காததால்தான் கட்டணம் குறைவாக இருந்தது. வக்கீல் மகனும் நெசவாளி மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவினார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. காரில் வருகிறவர்களுக்கு இடம் கிடையாது! சொந்தக் காலால் வந்தவர்களுக்கே கட்டில். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த விதி தளர்ந்தது.

1932-ம் ஆண்டு அக்டோபரில் 11 நாடுகளின் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் கூடின. சர்வதேச இளைஞர் விடுதிக் கூட்டமைப்பு பிறந்தது. இதன்பின் ஒரு நாட்டு அட்டையைக் காட்டி இன்னொரு நாட்டில் தங்க வழி ஏற்பட்டது. 1933-ல் ஷிர்மன் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு மன்ரோ ஸ்மித், இசபெல் ஸ்மித் என்ற அமெரிக்க வாத்தியார் தம்பதிகள் ஐரோப்பாவுக்கு வந்து விடுதிகளைப் பார்த்தார்கள். ஊர் திரும்பி, 1934 டிசம்பரில் நார்த்பீல்டு என்ற இடத்தில் அமெரிக்காவின் முதல் விடுதியைத் திறந்தார்கள். அங்கே சைக்கிள் கூட்டங்கள்தாம் விடுதிகளை நிரப்பின.

கைக்கு வந்தது கை நழுவியது

போர்முனையில் கண்ட கனவு பலித்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

இளைஞர்கள் கூடும் இடத்தை ஹிட்லர் சும்மா விடுவாரா? சில மாதங்களுக்குள் எல்லா விடுதிகளும் ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போயின. மூங்கர் விலகிக்கொண்டார். ஷிர்மன் விட்டுக்கொடுத்துப் பார்த்தார். எப்படியாவது விடுதிகளைக் காப்பாற்றிவிடலாம் என்ற ஆசை. அவருக்குக் கௌரவப் பதவி மிஞ்சியது, அதிகாரம் மிஞ்சவில்லை. 24 ஆண்டுகளாக வளர்த்தவர், சொந்த வீட்டில் விருந்தாளி ஆனார். யூதப் பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் இல்லாமல் போயிற்று.

இதைவிடக் கொடுமை ஒன்று சாக்சனி மாநிலத்தில் நடந்தது. ஹோன்ஸ்டைன் என்ற ஊரில் மலை மீது ஒரு கோட்டை. அங்கே இருந்த விடுதி ஜெர்மனியின் மிகப் பெரிய விடுதிகளில் ஒன்று. 1933 மார்ச்சு மாதம் அதை நாஜிகள் சிறை முகாமாக மாற்றினார்கள். அரசியல் எதிரிகளைக் கொண்டுவந்து அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். விடுதியை நடத்தி வந்தவரையே அங்கே கைதியாகப் போட்டார்கள். பிள்ளைகள் பாடிய கூடங்களில் அலறல் கேட்டது. 1934 வரை இது நடந்தது.

1936-ல் ஷிர்மன் சர்வதேசத் தலைவர் பதவியையும் விடும்படி ஆயிற்று. ஜெர்மன் அரசாங்கத்தின் நிர்ப்பந்தம் அது. அடுத்த ஆண்டு கிரேவன்வீஸ்பாக் என்ற சிறிய ஊருக்குக் குடிபோனார். விட்டுக்கொடுத்ததனால் அவர் காப்பாற்றியது எதுவும் இல்லை.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. சைக்கிளில் எல்லை தாண்டிப் போய் ஒருவர் நாட்டில் ஒருவர் தங்கிய இளைஞர்களே எதிர் எதிர்ப் பட்டாளங்களில் நின்றார்கள். விடுதிகள் பல, சிப்பாய்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் போயின. பல குண்டு விழுந்து இடிந்தன.

மறுபடியும் முதலில் இருந்து

1945-ல் யுத்தம் முடிந்தபோது ஷிர்மனுக்கு வயது 71. அந்த வயதில் பலர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். அவர் மறுபடி கிளம்பினார். மூங்கரும் சேர்ந்துகொண்டார். இரண்டு கிழவர்களும், இடிந்ததைக் கட்ட வேண்டும், பறிபோனதை மீட்க வேண்டும் என்று பாடுபட்டார்கள். 1949-ல் ஜெர்மன் சங்கம் திரும்ப அமைந்தது. ஜெர்மனியோடு போரிட்ட நாடுகளின் பையன்களும் பெண்களும் அங்கே வந்து தங்கத் தொடங்கினார்கள். 1952-ல் ஜெர்மன் அரசாங்கம் அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது.

1961-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி கிரேவன்வீஸ்பாக்கில் ஷிர்மன் காலமானார். வயது 87. மூங்கர் 1970 வரை வாழ்ந்தார். விடுதிகள் பிறகு உலகமெங்கும் பரவின. இந்தியாவிலும் இளைஞர் விடுதிச் சங்கம் உண்டு.

ஆல்ட்டெனாக் கோட்டையில் அந்த முதல் விடுதியின் அறைகளை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்கு மரக் கட்டில்கள் அப்படியே நிற்கின்றன. கோட்டைக்குக் கீழே லென்னே ஆற்றோரமாகச் சைக்கிள் பாதை போகிறது. பின்னால் பை கட்டிய சைக்கிள்களில் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள், ஊருக்குள் திரும்பிக் குன்றின் மீது ஏறிப் போய் அந்தக் கட்டில்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.